தென்னைக்கு எமன், டம்ளரில் கஷாயம்

தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் போய், கானோடெர்மா காளான் உடம்புக்கு ரொம்ப நல்லது என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எங்களுக்கு அது மரத்தின் எமன். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு கசியும். அடி மட்டைகள் பழுத்துத் தொங்கும். குரும்பை கொட்டும், பாளை சிறுத்துப் போகும். கடைசியாக, தரையை ஒட்டித் தட்டுத் தட்டாகக் காளான் வெளியே வரும்போது அந்த மரத்தின் கணக்கு முடிந்திருக்கும். வேளாண் துறையில் இதை அடித்தண்டு அழுகல் நோய் என்பார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் பெரிதாகத் தலைகாட்டியதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தக் குடும்பத்துக் காளானைத்தான் சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர்கள் ரெய்ஷி என்றும் சொல்லி, காலங்காலமாகக் காய்ச்சிக் குடித்து வருகிறார்கள். இப்போது எங்கள் வீட்டு அடுப்பிலும் அது கொதிக்கிறது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பாலக்காடு மாவட்டத்தின் ஓரத்தில். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாதிப் பேர் பாலக்காட்டுக்கும் பாதிப் பேர் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுவோம். கஷாயம் எங்களுக்குப் புதிதே இல்லை. காய்ச்சல் வந்தால் தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நிலவேம்புக் குடிநீர். ஆடி பிறந்தால் மலையாளிகளோடு சேர்ந்து கர்க்கடகக் கஞ்சி. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பதிமுகம் என்ற மரக்கட்டை போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர். அதனால் மகள் கோயம்புத்தூரிலிருந்து காய்ந்த காளான் துண்டுகள் ஒரு பாக்கெட் கொண்டுவந்து, "அம்மா, இதைக் கொதிக்க வச்சுக் குடி, தூக்கம் வரும்" என்றபோது, காய்ச்சுவது எப்படி என்ற கவலை எனக்கு வரவில்லை. எதைக் காய்ச்சுகிறோம் என்ற கவலைதான் வந்தது.

அதற்கு முன்னால் ஒன்று. எனக்குத் தூக்கம் கெட்டு, பகலெல்லாம் அசதியாக இருந்தது உண்மை. ஐம்பதைத் தொடும் பெண்களுக்கு இது ஊர்க் கதைதான். ஆனால் எந்தக் கஷாயத்தையும் தொடுவதற்கு முன் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், சாப்பிட்டேன். அசதி என்று சொல்லிக்கொண்டு நேராகக் காளானிடம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சோகையும் தைராய்டும் சர்க்கரையும் எந்தக் காளானுக்கும் காத்திருக்காது. முதலில் லேபுக்குப் போங்கள்.

கானோடெர்மா காபி என்று ஒன்று எங்கள் பக்கம் பல வருடமாகச் சுற்றுகிறது. ஆள் சேர்த்து விற்கிற வியாபாரம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரையிலிருந்து மூட்டுவலி வரை எல்லாம் போய்விடும் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சர்க்கரையும் க்ரீமரும் முன்வரிசையில் இருந்தன, காளான் கடைசி வரிசையில். காபி குடிக்க ஆசை என்றால் நல்ல பில்டர் காபியே குடித்துவிட்டுப் போகலாம்.

இனி முக்கியமான விஷயம். தேங்காய் பறிக்க வரும் அண்ணன், முற்றத்தில் நான் உலர்த்திக்கொண்டிருந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இதுக்கா காசு குடுத்தீங்க? நம்ம கிழக்குப் பாத்தி மரத்தடியிலேயே கொத்துக் கொத்தா இருக்குதுங்களே" என்றார். நியாயமான கேள்வி. போய்ப் பார்த்தோம். வாடிக்கொண்டிருந்த ஒரு மரத்தின் அடியில், உள்ளங்கை அகலத்தில், மேலே வார்னிஷ் பூசியதுபோல் பளபளவென்று செம்பழுப்பு. ஓரத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒரு விளிம்பு. அடியில் கில்ஸ் என்று சொல்லும் மடிப்புகள் இல்லை, ஊசியால் குத்தியதுபோல் பொடித் துளைகள். நகத்தால் கீறினால் அந்த இடம் பழுப்பாகிறது. மேல்பரப்பில் விரலை வைத்து இழுத்தால் கோகோ நிறத்தில் தூள் ஒட்டுகிறது; அது அதன் வித்துத் தூள். அரிவாளால் தட்டினால் கட்டைச் சத்தம் கேட்கிறது. படத்தில் பார்க்கும் ரெய்ஷிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியாது.

ஆனாலும் அதைக் காய்ச்சக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. கானோடெர்மா ஒரு தனிக் காளான் கிடையாது, பல இனங்கள் கொண்ட பெரிய கூட்டம். கானோடெர்மா லூசிடம் என்ற பெயர் முதலில் ஐரோப்பியக் காளானுக்கு வைத்தது. சீனாவில் பயிராகும் லிங்ஷி வேறு இனம் என்று சொல்லி 2012-இல் அதற்கு கானோடெர்மா லிங்ஷி என்று தனிப்பெயரே கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்காரர்களே பெயரை மாற்றி மாற்றி வைக்கும் இடத்தில், எங்கள் பாத்தியில் முளைத்தது எது என்று அரிவாளோடு நிற்கும் இரண்டு பேர் முடிவு செய்ய முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் அந்த மரத்துக்கு நாங்கள் கொடுத்த மருந்து. இந்த நோய்க்கு வேரில் பாலிதீன் பை கட்டி ஹெக்சகோனசோல் மாதிரிப் பூஞ்சணக்கொல்லி ஊட்டுவோம். மரத்தைச் சுற்றி ஒரு சதவீத போர்டோக் கலவை 40 லிட்டர் ஊற்றுவோம்; அதில் இருப்பது மயில்துத்தம், அதாவது தாமிரம். காளானுக்கு நிலத்திலும் மரத்திலும் இருக்கும் உலோகத்தை இழுத்துச் சேர்த்து வைக்கும் குணம் உண்டு. மரத்துக்குக் கொடுத்த விஷத்தை உறிஞ்சி நிற்கும் தட்டை வெட்டி, சுண்டக் காய்ச்சி, வடிகட்டிக் குடிப்பதில் என்ன ஆரோக்கியம்? "அப்போ வேண்டாமுங்க" என்று அண்ணன் அந்தத் தட்டுகளைப் பெயர்த்தெடுத்து எரித்துவிட்டார். வித்து பரவாமல் இருக்க எப்படியும் அதைச் செய்யத்தான் வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மேல் ஆழமாக அகழி எடுப்பது, மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைப்பது, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் ட்ரைக்கோடெர்மா பூஞ்சணம் கலந்த தொழுவுரம் போடுவது என்று அந்தப் பக்கத்து வேலை தனியாக நடக்கிறது. ஆழியாறு நகரில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்கு எட்டுகிற தூரம்தான்; சந்தேகம் என்றால் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

தட்டுக் காளானைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மழைக்கு முளைக்கும் குடைக் காளானிடமும் பேச்சு போய்விடும். புற்றுக் காளான், அரிசிக் காளான் எல்லாம் எங்கள் அம்மா காலத்திலிருந்து குழம்பு வைப்பதுதான். பெரியவர்கள் காட்டிக்கொடுத்த இடத்தில், காட்டிக்கொடுத்த காளானை எடுப்பது வேறு. படத்தைப் பார்த்துக் காட்டில் எடுப்பது வேறு. வெள்ளிக்காசைப் போட்டால் விஷக் காளான் கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், ஆடு தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் உயிரை வாங்கும் பேச்சு. கொடிய அமானிட்டா வகையின் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்கு மேல்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாள் கழித்து எல்லாம் சரியானது போலத் தெரியும், அதற்குள் ஈரல் போயிருக்கும். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் இப்படிச் செத்துப்போன செய்தி அடிக்கடி வரும். எதையாவது தின்றுவிட்டுச் சந்தேகம் வந்தால், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

டீத்தூள் போடுவதுபோல் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டினால் கிடைப்பது பழுப்புத் தண்ணீர். காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். பீட்டா குளுக்கான் என்று பேர் வாங்கிய சர்க்கரைத் தொடர்கள் அந்தச் சுவருக்குள்ளே கட்டுண்டு கிடக்கின்றன. வெந்நீர், அதிலும் நீண்ட நேரம் சூடாக நிற்கும் நீர்தான் அதை வெளியே கொண்டுவரும். சித்த மருத்துவத்தில் நாலொன்றாகச் சுண்டவை, எட்டொன்றாகச் சுண்டவை என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது புரிந்தது.

நான் செய்வது இப்படி. இரண்டு பேருக்குச் சேர்த்து சுமார் 5 கிராம் துண்டு. சமையலறைத் தராசில் நிறுத்துவேன். கைப்பிடி கணக்கெல்லாம் இதில் வேண்டாம். சீன மருந்து ஏட்டில் ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம் வரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறது. அது வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுப்பது. நம்மைப் பார்க்க யாரும் இல்லாததால் அதில் பாதியைக்கூடத் தாண்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். துண்டுகளை ஒரு தடவை கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுவேன். காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுவேன். மண்சட்டி உத்தமம், எவர்சில்வர் பரவாயில்லை, அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். முதல் கொதி வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள், ஏனென்றால் நுரை தள்ளும், நான் உரலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். கொதித்ததும் தீயைச் சிறு குமிழி மட்டும் வருமளவுக்கு இறக்கி, மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்து, ஒன்றரை மணி நேரம் போல் விடவேண்டும். ஒரு லிட்டர் அரை லிட்டர் ஆகும். கேஸ் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்பவர்கள் எவர்சில்வர் குக்கரில் வைத்து, ஒரு விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடலாம். நான் பெரும்பாலும் விறகடுப்பில், மாட்டுக்குத் தண்ணீர் காய்ச்சும் நேரத்தில் ஓரத்தில் ஏற்றிவிடுகிறேன்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் வெளிறிய பழுப்பாகும், ஒரு மணி நேரத்தில் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு இருட்டும். வாசம் ஈரக் கட்டையும் மழைக்காலத்து வைக்கோல்போரும் கலந்தது. ஒரு மடக்கு குடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கி முடித்தபின் தொண்டைக்குழியில் கசப்பு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கசப்பு ட்ரைடெர்பீன் என்ற பொருளிலிருந்து வருவது. கசப்பே இல்லாத ரெய்ஷிக் கஷாயம் என்றால், ஒன்று துண்டு பழசு, இல்லை காளானே வேறு என்று சந்தேகப்படுங்கள். அதே துண்டுகளை இரண்டாம் தடவை முக்கால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சினால் கசப்பு இறங்கி இன்னொரு ஈடு கிடைக்கும். எனக்கு அந்த இரண்டாம் ஈடுதான் குடிக்க இதம். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம். ப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். வெளியே வைத்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

கசப்பைச் சமாளிக்கச் சுக்கு ஒரு துண்டைத் தட்டிப் போடுவேன், கொத்தமல்லி விதை அரை ஸ்பூன், கடைசிப் பத்து நிமிடத்தில் துளசி. எங்கள் கிழக்குப் பாலக்காடு பனைமரக் காடு, அதனால் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் கஷாயம் என்ற பேரில் அதை அள்ளிப் போட்டுக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். பால் ஊற்றிப் பார்க்கத் தோன்றும். தோன்றினால் ஒரே ஒரு டம்ளரில் மட்டும் ஊற்றிப் பாருங்கள், மிச்சம் தப்பிக்கட்டும்.

கசப்புச் சத்து தண்ணீரைவிடச் சாராயத்தில் நன்றாகக் கரையும். அதனால்தான் கடையில் சொட்டு மருந்தாக விற்பவர்கள் ஒரு பங்கைச் சாராயத்திலும் ஒரு பங்கை வெந்நீரிலும் எடுத்துக் கலக்கிறார்கள். நம் ஆயுர்வேதத்தில் கஷாயத்தைப் புளிக்க வைத்து அரிஷ்டம் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னது பெரிய வம்பாகிவிட்டது. நம்ம சித்தூர்த் தாலுகாவில் கள்ளுக்கா பஞ்சம், கள்ளிலேயே ஊறப்போட்டால் என்ன என்று ஆரம்பித்துவிட்டார். கள்ளில் இருக்கும் சாராயம் இந்த வேலைக்குப் போதாது என்று சொல்லி வாயை அடைத்தேன். மருந்துக்காகக் குடி என்று ஒரு வழி திறந்தால் அதை மூட முடியாது, அது தனிக் கதை.

மற்ற காளான்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஷிடேக் காளான் காய்ந்தது கோயம்புத்தூரில் பெரிய கடைகளில் கிடைக்கிறது. அதைச் சூப்பாகச் சாப்பிடுவது நல்லது, ஆனால் நன்றாக வேகவேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் சிலருக்கு முதுகிலும் வயிற்றிலும் சாட்டையால் அடித்ததுபோல் வரிவரியாகத் தடிப்பு வரும். ஜப்பானில் வான்கோழி வால் காளானிலிருந்து எடுத்த க்ரெஸ்டின் என்ற மருந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க 1977-லேயே அனுமதித்தார்கள். அது ஆலையில் சுத்தம் செய்து அளந்து கொடுத்த மருந்து. அதைக் காட்டி டீ பாக்கெட் விற்பது வியாபாரத் தந்திரம். சாகா என்று ஒன்று, சைபீரியா மாதிரிக் குளிர்நாட்டு பிர்ச் மரத்தில் வளர்வது. அந்த பிர்ச்சை நம் நாட்டு இமயமலைப் பூர்ஜ மரத்தின் உறவு என்று சொல்லலாம். சாகாவில், சிறுநீரகத்தில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் மிக அதிகம். ஆறு மாதம் தினமும் சாகா பொடி சாப்பிட்ட ஒரு ஜப்பானியப் பெண்ணுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக 2014-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். கல்லடைப்பு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் எங்கள் ஊரில், சாகாவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உண்மையில் காசுக்கேற்ற பலன் வேண்டும் என்றால், நம் ஊர்ச் சிப்பிக் காளானையும் பால் காளானையும் வாரம் ஒன்றிரண்டு தடவை சமைத்துச் சாப்பிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் வளர்க்கவே பயிற்சி தருகிறார்கள். அவற்றிலும் பீட்டா குளுக்கான் இருக்கிறது. நறுக்கிய காளானை மடிப்புப் பக்கம் மேலே இருக்கும்படி மத்தியான வெயிலில் காயவைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2-வாக மாறும். காய்ந்ததைப் பொடித்து ரசத்தில் ஒரு ஸ்பூன் போட்டால் ருசியும் ஏறும்.

யார் குடிக்கக் கூடாது என்பதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. எங்கள் மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். நாங்கள் இரண்டு பேர் டம்ளரோடு உட்கார்ந்தால் அவருக்கும் ஆசை. "எனக்கு மட்டும் என்னத்துக்கு இல்லைங்கறே?" என்று கோபம் வேறு. ரெய்ஷி ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தக் கூடியது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதிலிருந்து உள்ரத்தக்கசிவு வரை எதுவும் நடக்கலாம். அவருக்குச் சுக்கும் மல்லியும் மட்டும் போட்டுத் தனியாகக் கொதிக்க வைத்து, அதே மாதிரி டம்ளரில் கொடுத்துவிடுகிறேன். நிறம் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அடுத்த சில வாரத்தில் ஆபரேஷன் இருக்கிறவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும்; மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து பிரஷரோ சர்க்கரையோ அளவுக்கு மேல் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் "நாட்டு மருந்து" என்று பொதுவாகச் சொன்னால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கஷாயமாக இல்லாமல் பொடியாகவே விழுங்கியவர்களுக்கு ஈரல் கெட்டுப்போனதாக ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்லாந்தில் ஒருவர் இறந்தே போனார். அதனால் பொடியை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. கஷாயத்தையும் வருடம் முழுக்கக் குடிக்காமல் ஆடியில் கொஞ்ச நாள், மார்கழியில் கொஞ்ச நாள் என்று விட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன். மற்றதற்காக ரத்தம் கொடுக்கும்போது ஈரல் பரிசோதனையையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும், சோறு கண்டாலே குமட்டினாலும் அன்றைக்கே நிறுத்த வேண்டியதுதான்.

இதனால் என்ன பலன் என்று கேட்டால், எனக்குத் தூக்கம் மேம்பட்டிருக்கிறது. ஆனால் அதற்குக் காளான்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. முன்பெல்லாம் சீரியல் பார்த்துக்கொண்டே ஒன்பது மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ குடிப்பேன். இப்போது சாயங்காலம் கஷாயம் குடிப்பதால் அந்த டீ நின்றுவிட்டது. கஷாயத்தில் டீத்தூள் இல்லை, கஃபீனும் இல்லை. டீ நின்றதே தூக்கத்துக்குப் போதுமான காரணம். இரும்பு மாத்திரையும் நடுவில் வேலை செய்திருக்கிறது. ஆராய்ச்சியும் இந்த விஷயத்தில் அடக்கமாகத்தான் பேசுகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015-இல், சர்க்கரை நோயாளிகளின் இதயநோய் அபாயத்தைக் குறைக்க ரெய்ஷி உதவுவதாகச் சான்று இல்லை என்றது. 2016-இல் புற்றுநோயைப் பற்றி எழுதும்போது, முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்கச் சான்று போதாது, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகக் கொடுக்கலாமா என்று வேண்டுமானால் யோசிக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. கீமோவை விட்டுவிட்டுக் காளான் குடிக்கச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிறகு ஏன் குடிக்கிறாய் என்று மகளே கேட்டாள். சாயங்காலம் மாடு கட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சூடாக, கசப்பாக ஒன்று குடிப்பது பிடித்திருக்கிறது. இதற்குமேல் காரணம் தேடவில்லை.

வாங்குவதைப் பற்றி. முழுத் தட்டாகவோ நீளவாக்கில் சீவிய துண்டாகவோ வாங்குங்கள். மேல் தோலின் பளபளப்பும் அடித் துளைகளும் கண்ணுக்குத் தெரியும். பொடியில் எது கலந்திருக்கிறது என்று தெரியாது. சில பொடிகள் காளானே கிடையாது. கோதுமையிலோ அரிசியிலோ காளான் இழையை வளரவிட்டு, தானியத்தோடு சேர்த்து அரைத்தது. இதைப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு: ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் உள்ளே மாவுச்சத்து இருக்கிறது. காளானில் மாவுச்சத்து கிடையாது. நான் பார்த்த பொடிகளில் ஒன்று பேனா மை மாதிரி ஆனது. பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், காளானின் முழுப்பெயர், எந்தப் பாகம், எங்கே விளைந்தது என்று போட்டிருக்க வேண்டும். எந்த நோயையாவது குணப்படுத்தும் என்று போட்டிருந்தால் அதையே வாங்காமல் இருப்பதற்குக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினால் 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்றோடு வரும் ஈரம் எல்லாவற்றையும் நமத்துப்போகச் செய்யும். துண்டுகளை வெயிலில் ஒரு காய் காயவைத்து, ஆறியபின் இறுக்கமான கண்ணாடி ஜாடியில் போட்டு வைக்கவேண்டும். மிளகாய் வற்றலில் விழும் அதே சின்ன வண்டு இதிலும் விழும். துண்டில் ஊசித் துளையும் ஜாடியின் அடியில் பழுப்புத் தூளும் கண்டால், சல்லடையில் சலித்து மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று மாமியார் சொல்வார். நான் மொத்தத்தையும் அடுப்பில் போட்டுவிடுவேன்.